கல்லூரி வெளியின் குறுக்கே ஓடும் தடம்: மூடலாமா, விடலாமா?

நெல்லிமரத்தடி | 6 ஜூலை, இரவு 9:10

தருமபுரியில் நான் படித்த கல்லூரியைப் பற்றிய இழை இது. பெயர் வேண்டாம், படித்தவர்களுக்கு இரண்டு வரியில் புரிந்துவிடும். வடகிழக்கு மூலையில் கேட், வெளியே பஸ் ஸ்டாப். மேற்கே கிழக்குப் பார்த்த நீளக் கட்டடம். தென்மேற்கில் நூலகமும் பெண்கள் விடுதியும். இவற்றுக்கு நடுவே ஏறக்குறைய இரண்டு ஏக்கர் செம்மண் வெளி.

அந்த வெளியின் குறுக்கே கேட்டிலிருந்து நூலகம் வரை ஒரு தடம் ஓடுகிறது. யாரும் போட்டதில்லை, கால் பட்டுப் பட்டு உண்டானது. நடுவழியில் இரண்டு வயதான புளியமரங்கள். நான் படித்த மூன்று வருடத்தில் இரண்டு முறை அந்தத் தடத்தை முள்வேலி போட்டு அடைத்தார்கள். இரண்டு முறையும் ஒரு மாதத்துக்குள் வேலியில் ஆள் நுழையும் சந்து விழுந்துவிட்டது.

இப்போது அழகுபடுத்தப் போகிறார்களாம். முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை கேட்டு வரைபடம் அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒரு ஏக்கர் புல்தரை, சுற்றிலும் பேவர் கல், கம்பிவேலி. குறுக்குத்தடம் கிடையாது, புளியமரம் இரண்டும் கிடையாது. மாத முடிவுக்குள் கருத்துச் சொல்லலாம் என்றிருக்கிறார்கள். பணம் தர எனக்கு மனம் இருக்கிறது. அந்த வரைபடத்துக்குத் தர மனம் வரவில்லை. மண்ணையும் மழையையும் வெயிலையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சங்கிலி_66அடி | 6 ஜூலை, இரவு 10:42

தம்பி, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்லும் இடத்தில் வேலை செய்திருக்கிறேன். யாரும் போடாத தடம் என்றீர்கள், அது சரியல்ல. பழைய கிராமப் படத்தில் அந்த இடம் மந்தைவெளிப் புறம்போக்கு. அதன் குறுக்கே புள்ளிக்கோட்டில் ஒரு வண்டிப்பாதை போகும், ஊரிலிருந்து ஏரிக்கரைக்கு. கல்லூரி வந்தபோது பாதையின் இரு முனையையும் மதில் அடைத்துவிட்டது, நடுப்பகுதி மட்டும் மிஞ்சியது. உங்கள் பிள்ளைகள் நடப்பது அதன் மேலேதான், ஒரு பத்தடி அப்படி இப்படி இருக்கலாம்.

மந்தைவெளி என்றால் இக்காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடிந்ததும் வீட்டுக்கு வீடு மாடுகளை அவிழ்த்து அங்கே கொண்டுவந்து விடுவார்கள். எல்லாம் சேர்ந்த பிறகு மேய்ப்பவர் காட்டுக்கு ஓட்டிப் போவார். பொழுது சாய்ந்தால் திரும்ப அங்கேயே வந்து நிற்கும். காத்திருக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் நிழல் வேண்டும், அதனால் புளி. தை மாதம் எருது விடும் விழா அதே இடத்தில். கூட்டம் கூடுவதற்கென்றே ஊர் ஒதுக்கிய நிலம் அது. கல்லூரி பிற்பாடு வந்தது.

நம் ஜில்லாவில் நிலத்தை அளந்து எழுதும் வழக்கத்துக்கும் பழைய வேர் உண்டு. 1792இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் பக்கத்துச் சீமை, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக இறங்கி அளந்தார்கள். 1799 வரை அந்த வேலை நடந்தது. உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை அங்கே உருவெடுத்ததுதான். அளக்கிறவன் முதலில் கேட்கும் கேள்வி, இது யாருடைய நிலம் என்பது. மந்தைவெளிக்கு அந்தக் கேள்விக்கு விடை ‘ஊர்’.

---

விடுதி_மூன்றாமாண்டு | 7 ஜூலை, காலை 7:25

அண்ணா, நான் இப்போது அங்கே படிக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக நினைக்காதீங்க. அந்தக் குறுக்குத்தடம் எல்லாரோடதும் இல்லை.

புளியமரத்தடி எப்பவுமே பசங்க உட்காரும் இடம். கேலி பண்றாங்கன்னு சொல்லல, பெரும்பாலும் பண்ண மாட்டாங்க. ஆனா நாற்பது பேர் உட்கார்ந்து பார்த்துட்டு இருக்கிற இடத்தைத் தனியாத் தாண்டிப் போறது வேற. அதனால நாங்க சுத்திதான் போவோம். காலையில கேட்டில் நுழைஞ்சதும் கிழக்கு மதில் ஓரமா, வேப்பமர வரிசை நிழல்ல தெற்கே போய், அப்புறம் மேற்கே திரும்பி நூலகம். சாயங்காலம் அந்த ஓரம் முழுக்க வெயில். அப்போ கட்டடத்தை ஒட்டி அதன் நிழல்லயே வருவோம். காலைக்கு ஒரு வழி, மாலைக்கு ஒரு வழி. ரெண்டுமே குறுக்குத்தடத்தை விட நீளம்.

வரைபடத்துல அந்த ரெண்டு ஓரமும் பூச்செடி பாத்தி. எங்க வழி அதுல இருக்கிறதே யாருக்கும் தெரியல, ஏன்னா எங்க கால் தடம் மண்ணுல ஆழமா விழல. மர வேருக்கு நடுவுல, சிமெண்ட் விளிம்பு மேலயெல்லாம் நடக்கறோம்.

---

நெல்லிமரத்தடி | 7 ஜூலை, காலை 8:02

அம்மா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். மூன்று வருடம் தினமும் அந்த மரத்தடியில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். சுற்றிப் போகிறார்கள் என்பது கண்ணில் பட்டது, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வழி மூன்று என்று என் குறிப்பைத் திருத்தி எழுதுகிறேன்.

---

காரிமங்கலம்_சிவில் | 7 ஜூலை, மதியம் 1:15

பழமை பேசுவது நல்லதுதான், ஆனால் ஆடிக்காற்று அடிக்கும்போது அந்த வெளியில் நின்று பாருங்கள். மேற்கிலிருந்து வரும் காற்று கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்து, செம்மண்ணை அள்ளி வகுப்பறைக்குள் கொட்டும். ஐப்பசியில் அதே மண் களியாகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். பேவர் கல் கேட்பவர்களை விவரம் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். தூசும் சேறும் உண்மையான தொல்லை. பராமரிப்புக்கு ஆள் இல்லாத இடத்தில் கல் பதிப்பது ஒரு தீர்வு.

---

ஒசூர்_வரைவாளர் | 7 ஜூலை, இரவு 11:30

கட்டட வரைவுதான் என் தொழில். வெயில் கணக்கை மட்டும் சொல்கிறேன், அதற்கு ஒரு பென்சிலும் தாளும் போதும்.

தருமபுரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சம். ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுக் காட்டுவார்களே, அதுதான். இந்த இரண்டு நாளுக்கும் இடையில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அதுவும் குட்டை நிழல். 10 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு ஜூன் 21 நண்பகலில் 2 மீட்டர்தான். டிசம்பர் 21இல் அதே கட்டடம் வடக்கே 7 மீட்டர் நிழல் தரும். அதாவது கோடையில் நண்பகல் நிழலைக் கட்டடத்திடம் கேட்டால் கிடைக்காது, மரம்தான் தரும். மாலை நிழலைக் கட்டடம் தரும். இப்போது ஜூலையில் மாலை 4 மணிக்கு அந்த 10 மீட்டர் கட்டடத்தின் நிழல் கிழக்கே 13 மீட்டர் வரை நீளும். அந்தத் தங்கை மாலையில் நடக்கும் வழி அப்படியே இந்த 13 மீட்டருக்குள் அடங்குகிறது. ஆறு வருடம் படித்து நான் வரைவதை அவர்கள் நடந்தே வரைந்திருக்கிறார்கள்.

பேவர் கல்லைப் பற்றி. மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது ஆவியாகிப் போகையில் சூட்டைக் கொண்டுபோகும். சிமெண்ட் கல்லில் அது நடக்காது, பகல் முழுக்க வாங்கிய சூட்டை மாலை கழிந்த பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். மர நிழலில் பதித்த கல் வேறு, வெட்டவெளியில் பதித்த கல் வேறு. அந்த வரைபடத்தில் கல் வருவதெல்லாம் வெட்டவெளியில்.

பெங்களூரில் ஐ.ஐ.எம். என்ற மேலாண்மைக் கல்லூரி வளாகத்தை உதாரணம் காட்டிப் பலர் பேசுவார்கள். பி.வி. தோஷி வரைந்தது, 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். கருங்கல் சுவர், மேலே கொடி படரும் பந்தல், உள்ளும் வெளியும் பிரியாத நடைகூடங்கள். அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரியைப் பார்த்து உள்வாங்கியவர் அவர். நான் அங்கே போகும்போதெல்லாம் நடைகூடத்தில் சும்மா நின்றுவிட்டு வருவேன். ஆனால் பெங்களூரும் எங்கள் ஒசூரும் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டர் வாக்கில் இருப்பவை. தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி உயரம். 400 மீட்டர் இறங்கினால் வெப்பம் இரண்டரை, மூன்று டிகிரி ஏறும். அங்கே பாதி வெயில் பாதி நிழல் சுகம். தருமபுரி சித்திரையில் முழு நிழல் வேண்டும்.

---

தொறு | 8 ஜூலை, காலை 6:50

அந்தப் புளியமரங்களில் தெற்கே நிற்பதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு பலகைக்கல் உண்டே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆயுதபூசை சமயத்தில் யாரோ பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். வேடியப்பன் என்பார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, நடுகற்கள். மாடு கவர வந்தவர்களை எதிர்த்துத் தொறு மீட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் இந்தப் பக்கம் நிறையக் கிடைத்திருக்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். வில்லும் வாளுமாக ஒருவன், காலடியில் மாடுகள், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்புகள் கூட.

நம் கல்லில் எழுத்து இருக்கிறதா என்பது எண்ணெயையும் மஞ்சளையும் முறையாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதைத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும், கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்கக் கூடாது. அதற்கு முன் அதியமான் காலம் என்று யாரும் பலகை எழுதி வைக்க வேண்டாம். தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்று சொன்னாலே எல்லாவற்றையும் அதியமானிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. நெல்லிக்கனியின் பெருமை அவருக்கே இருக்கட்டும். மாட்டுக்காகச் செத்த பெயர் தெரியாதவனுக்கும் ஒரு பெருமை உண்டு.

அளவர் ஐயா மந்தைவெளி என்று சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாடு கூடும் இடத்தின் ஓரத்தில் அந்தக் கல்.

---

ஊன்றுகோல் | 8 ஜூலை, மாலை 5:20

இரண்டு காலிலும் காலிப்பர் (கால் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டு நடப்பவன் நான். அதே கல்லூரியில் பி.காம். படித்தேன்.

தடம் அழகு, வரலாறு எல்லாம் சரிங்க. ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தத் தடத்தில் என்னால் ஒரு அடி வைக்க முடியாது, ஊன்றுகோல் முனை நாலு விரல்கடை மண்ணில் இறங்கிவிடும். வண்டிப்பாதையை அப்படியே பாதுகாப்போம் என்று முடிவெடுத்தால் என்னைப் போன்றவனுக்கு அது பூட்டிய கதவு. சிவில் நண்பர் சொன்ன சேறு எனக்கு வெறும் தொல்லை இல்லை. பரீட்சைக்குப் பிந்திப் போன நாள் உண்டு.

நான் கேட்பது சிறியது. தடம் அதே இடத்தில் இருக்கட்டும், காலடி மட்டும் கெட்டியாக இருக்கட்டும். விளிம்பில் படி வேண்டாம். ஏறும் இடத்தில் சரிவு, பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி உயரத்தைத் தாண்ட வேண்டாம். இடையிடையே முதுகு சாய்ந்து உட்கார ஒரு திண்ணை.

---

காரிமங்கலம்_சிவில் | 8 ஜூலை, மாலை 6:05

அண்ணா, இது செய்யக்கூடியதுதான். நம் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, வேலிக்கே கல்பலகை நட்ட ஊர் இது. தடத்தின் மேல் மட்டும் எட்டடி அகலத்துக்குக் கொத்திய பலகைக்கல்லை மணல் படுகையில் பதிக்கலாம். வழவழப்பாக்கக் கூடாது. இடைவெளியை அரை அங்குலத்துக்குள் வைத்தால் ஊன்றுகோல் சிக்காது, தண்ணீரும் கீழே இறங்கும். இரண்டு ஏக்கரும் கல் வேண்டும் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நடக்கும் இடத்துக்கு மட்டும் கல் போதும்.

---

பாலக்கோடு_தோட்டம் | 9 ஜூலை, காலை 5:40

புல்தரையைப் பற்றி நான் சொல்றேன். ஒரு மில்லிமீட்டர் தண்ணி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நம்ம வெயில்ல கோடையில புல் ஒரு நாளைக்கு அஞ்சு மில்லிமீட்டர் குடிக்கும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். தினம் 20,000 லிட்டர் ஆச்சு. பங்குனி, சித்திரை, வைகாசி, மூணு மாசம் இப்படி. எந்த போர்ல இருந்து வரும்? இங்க போர் தண்ணியில புளோரைடு இருந்து பல்லு கறையாகிற ஊர்ங்க. அதுக்காகத்தான் ஒகேனக்கல்லுல இருந்து காவிரித் தண்ணியைக் குழாய்ல கொண்டுவந்தாங்க. குடிக்கத் தண்ணி அவ்வளவு தூரத்துல இருந்து வர்ற ஊர்ல புல்லுக்குத் தினம் 20,000 லிட்டர் ஊத்தறது எனக்கு மனசு ஒப்பல.

மழையைப் பாருங்க. நமக்கு நல்ல மழை ஆவணி கடைசியில இருந்து ஐப்பசி வரை. பெரும்பாலும் சாயங்கால இடிமழை, ஒரு மணி நேரத்துல கொட்டிட்டுப் போயிடும். ரெண்டு ஏக்கர்ல 50 மில்லிமீட்டர் பெய்தா நாலு லட்சம் லிட்டர். அது எங்க போகும்?

---

நெல்லிமரத்தடி | 9 ஜூலை, காலை 7:15

தென்கிழக்கு மூலைக்குப் போகும். அங்கே ஒவ்வொரு வருடமும் முழங்கால் தண்ணீர் நிற்கும். வரைபடத்தில் அந்தப் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, அதன்மேல் இருசக்கர வண்டி நிறுத்தம் போட்டிருக்கிறார்கள்.

---

சங்கிலி_66அடி | 9 ஜூலை, காலை 9:33

அந்தப் பள்ளம் வரத்து வாய்க்கால் தம்பி. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் அந்த மூலையை வெட்டிக்கொண்டு போகும். மதில் கட்டியபோது அதற்குக் கண், அதாவது தண்ணீர் போகும் திறப்பு, விடவில்லை. தண்ணீர் பழைய வழியில் வந்து மதிலில் முட்டி நிற்கிறது. மண் கொட்டினால் தண்ணீர் நிற்காது என்று நினைத்தால் அது நூலகத்துக்குள் நிற்கும். மதிலுக்கு வெளியே வாய்க்கால் இன்னும் பாதி உயிரோடு இருக்கிறது, நேற்று மாலை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

---

பாலக்கோடு_தோட்டம் | 9 ஜூலை, காலை 10:10

அப்போ பள்ளத்தைத் தூர்க்காம, ஒரு மூணு அடி ஆழப்படுத்தி, கரையை மிதிச்சுக் கெட்டியாக்கி, மதில்ல ஒரு கண் வச்சு மிச்சத் தண்ணியை ஏரிக்கு விடலாம். அந்தக் கண்ணுக்கு வலை போடணும். நாலு வாரம் தண்ணி நிக்கும், அப்புறம் இறங்கிடும். கரையில புங்கன் வைங்க. புங்கன் பங்குனியில இலை கொட்டி, சித்திரை வெயில் ஏறும்போது புதுசா தளதளன்னு துளிர்த்து நிக்கும். நிழல் வேணுங்கிற நேரத்துக்குச் சரியா வரும். செம்மயில்கொன்றை (குல்மோகர்) வேண்டாம், பூ அழகு, காத்துக்கு ஒடியும். தூங்குமூஞ்சி மரம் சீக்கிரம் வளரும், அகலமா விரியும், ஆனா கிளை கனம், ஆள் உட்கார்ற இடத்துல வைக்கக் கூடாது.

ஆடிக்காத்து புகுற அந்த மேற்குச் சந்துல வேம்பும் புங்கனும் நெருக்கமா ரெண்டு வரிசை. நாலாவது வருஷம் தூசு பாதி குறையும்.

---

விடுதி_மூன்றாமாண்டு | 9 ஜூலை, இரவு 9:48

புளியமரத்தடியில பசங்க உட்காரக் கூடாதுன்னு நான் சொல்லல. எங்களுக்கும் ஒரு மரத்தடி வேணும். இப்போ மொத்த வெளியிலும் நல்ல நிழல் ஒரே இடத்துல இருக்கு, அதனாலதான் அது ஒருத்தரோட இடமா ஆயிடுச்சு. கிழக்கு மதில் ஓரம் பூச்செடிக்குப் பதிலா, வேப்பமர வரிசைக்குக் கீழ நாலு இடத்துல திண்ணை கட்டினா உட்கார்ந்து டிபன் சாப்பிடுவோம். இப்போ விடுதி மாடிப்படியில சாப்பிடறோம். ஆறு மணிக்கு மேல அந்த ஓரத்துல விளக்கு வேணும்.

இன்னொன்னு, புளி ஏலம் விடற மாசம் தடி போட்டு அடிக்கும்போது கிளை ஒடிஞ்சு விழுது. மரம் ஆபத்துன்னு வெட்டச் சொல்றவங்க அதைத்தான் காட்டறாங்க. பட்டுப்போன கிளையை மட்டும் கழிச்சா போதும்னு எங்க தாவரவியல் மேடம் சொன்னாங்க.

---

நெல்லிமரத்தடி | 12 ஜூலை, இரவு 8:20

இரண்டு நாளாக உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். வண்டிப்பாதை மேலே எட்டடிக் கல்பாதை. கிழக்கு ஓரமும் கட்டட ஓரமும் பாதையாகவே அறிவிக்கப்பட்டு, சமமான தரை, திண்ணை, விளக்கு. மூன்றுக்கும் நடுவில் கிடக்கும் மண்ணை மண்ணாகவே விடுவது, மழைக்கு முளைக்கும் அறுகம்புல் போதும். தென்கிழக்கில் குட்டை, மதிலில் கண். மேற்குச் சந்தில் மர வரிசை. புளிகள் நிற்கும். வேடியப்பன் கல்லைச் சுற்றி மூன்றடிக்குச் சிமெண்டே வரக்கூடாது.

கம்பிவேலி எங்கும் இல்லை. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மந்தை கூடவென்று ஊர் விட்ட நிலம், எருது ஓடிய நிலம், இன்று பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகள் கூடும் நிலம். நடுவில் வேலி போட்டு, பார்க்க மட்டும் வைத்தால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும்.

கல்லூரியில் பேசினேன். கேட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமை நேரில் வந்து தரையில் காட்டச் சொன்னார்கள். உறுதி எதுவும் தரவில்லை.

---

ஒசூர்_வரைவாளர் | 12 ஜூலை, இரவு 9:05

தாளில் காட்டாதீர்கள். தரையில் சுண்ணாம்புக்கோடு போடுங்கள். காலை 9 மணி நிழல் விளிம்பை ஒரு கோடு, மாலை 4 மணி நிழல் விளிம்பை ஒரு கோடு. அந்த இரண்டு கோட்டுக்குள் பிள்ளைகள் நடப்பதை அவர்களே நின்று பார்க்கட்டும். காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

---

ஊன்றுகோல் | 12 ஜூலை, இரவு 9:22

நானும் வருகிறேன். சரிவு எங்கே வேண்டும் என்று நடந்து காட்டுகிறேன்.

---

தொறு | 12 ஜூலை, இரவு 9:40

வருகிறேன். கல்லைத் தொட மாட்டேன், படம் மட்டும் எடுத்து அருங்காட்சியகத்தில் காட்டலாம்.

---

சங்கிலி_66அடி | 13 ஜூலை, காலை 6:15

கயிறும் முளைக்குச்சியும் என்னிடம் இருக்கிறது. வாய்க்கால் மதிலைத் தொடும் இடத்தில் முதல் குச்சி அடிப்போம். எட்டரைக்குக் கேட்டில் நிற்பேன். சுண்ணாம்பு யாராவது வாங்கி வாருங்கள்.

---

விடுதி_மூன்றாமாண்டு | 13 ஜூலை, காலை 6:58

சுண்ணாம்பு விடுதியிலயே இருக்கு ஐயா, கொண்டு வரேன். நாங்க பதினொரு பேர் வரோம்.